பம்பு தூக்கியவர் வீட்டில் கட்டெறும்பு

பூச்சிமருந்து அடிக்க வந்த ஆளை அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார் என்று அண்ணன் ஷா ஆலாமிலிருந்து கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினார். முன்பணம் கட்டியாகிவிட்டது, வந்தவர் ஒரு நாள் வேலையை விட்டு வந்திருக்கிறார், எழுபதைத் தாண்டிய பிறகும் இந்தப் பிடிவாதம் எதற்கு, நீயாவது போய்ப் பேசு. எங்கள் குடும்பத்தில் பேச்சு முறிகிற இடங்களுக்கெல்லாம் அனுப்பப்படுகிற தூதர் நான்தான். கிள்ளானில் இருக்கிறேன், வேலை முடிந்து கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம் என்பது அதற்கு ஒரு காரணம். அம்மா என்னிடம் சண்டை போடமாட்டார், நான் சொல்வதைக் கேட்கவும் மாட்டார் என்பது இன்னொரு காரணம். அந்த முறை போனதும் சமரசம் பேசத்தான். ஆனால் மாதங்கள் கடந்தும் எனக்குள் கிடந்து உறுத்துவது, அம்மா வாசலில் அந்த ஆளிடம் கேட்ட கேள்வி. "இந்த மருந்து அடித்த பிறகு எங்கே போகும், தம்பி?" அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அல்லது அம்மா ஒப்புக்கொள்ளும்படி சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிற பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயரை மாற்றினார்கள். பலகைகள் மாறின, முகவரி மாறியது. அம்மா வயதுக்காரர்கள் வாயில் மட்டும் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த நாட்டில் செம்பனையை வணிகத்துக்காக முதன்முதலில் நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் தொடங்கியது. இன்று எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் செம்பனைதான். அம்மா பிறந்து வளர்ந்த தோட்டத்தில் அப்போது கித்தா, அதாவது ரப்பர் மரம். பால் வெட்டக் கற்றுக்கொண்டு, கை நன்றாகப் படிந்த நேரத்தில் தோட்டம் கித்தாவைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டது. குலை வெட்டுவது ஆண்களுக்குப் போனது. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்தடிப்பது. அம்மாவுக்கு மருந்தடி வாய்த்தது.

தோட்டத்தைவிட்டு வெளியே வந்த பிறகு தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் மலிவு விலை வீடு ஒன்றை வாங்கினோம். முன்பக்கம் கல் கட்டடம். பின்பக்கம் அப்பா தன் கையாலேயே போட்ட பலகை அடுப்படி. அதன் தூண்களும் விட்டமும், தோட்டத்தில் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார் குடியிருந்த வீட்டை இடித்தபோது அப்பா விலைக்கு வாங்கிய செங்கால் மரம். திரெங்கானுக்காரர்கள் கடலோடும் படகுக்குத் தேடிப் பிடிக்கிற மரம் அது. ஆணி இறங்காது, கரையான் நெருங்காது. அண்ணனுக்கு அந்த அடுப்படி ஆகவே ஆகாது. அப்பா இறந்ததிலிருந்து அதை இடித்துச் சிமெண்டுச் சுவர் எழுப்பவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் எறும்பு வந்தபோது அவருக்கு அது சாட்சியாகவே வந்து சேர்ந்தது. பழைய மரம், பூச்சி பிடித்துவிட்டது, வேறென்ன?

வந்தது கட்டெறும்பு. இரவு விளக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் அடுப்பு மேடையில் கரியதாக, கால் நீண்டதாக, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். பகலில் ஒன்றைக்கூடக் காணமுடியாது. குளியலறைக் கதவோரம் தரையில் தினமும் ஒரு பிடி மரத்தூள். அம்மா பெருக்கித் தள்ளுவார், மறுநாள் அதே இடத்தில் அதே குவியல். பிறகு, மழை விட்ட ஒரு மாலையில், சிறகு முளைத்தவை கூட்டமாகக் கிளம்பி வரவேற்பறை விளக்கைச் சுற்றின. விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் பிள்ளைகள் அலறிக்கொண்டு அறைக்குள் ஓட, அண்ணி அதைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் அதைக் கரையான் ஒழிப்பு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினார். படத்தைப் பார்த்தே விலைச்சீட்டு வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிலும் சிமெண்டுத் தரையில் வரிசையாகத் துளை போட்டு மண்ணுக்குள் மருந்தைச் செலுத்துவார்கள், அடுப்படித் தரையிலும் துளை போடுவார்கள், ஐந்தாண்டு உத்தரவாதம். தொகை, அம்மாவின் மாதச் செலவுக்கு நாங்கள் கொடுப்பதைப்போல் பல மடங்கு.

ஈசல் தின்றவரிடம் ஈசல் பாடம்

நான் போய் இறங்கியபோது அம்மா ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சிறகு முளைத்த பூச்சிகள் நாலைந்து காய்ந்து கிடந்தன. "இதைப் பார்த்து ஈசல் என்கிறான் உன் அண்ணன். லயத்து வீட்டு விளக்கடியில் முறத்தில் பிடித்து, வறுத்து, அரிசியோடு கலந்து தின்று வளர்ந்தவள் நான். எனக்கு ஈசல் தெரியாதா?" என்றார். தெரியும்தான். பூச்சி நூல்கள் வரிசைப்படுத்துகிற வேறுபாடுகளை அம்மா விரல் நுனியால் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம், தொட்டால் உதிரும். இதற்கு முன் சிறகு நீளம், பின் சிறகு குட்டை, இழுத்தாலும் சட்டென்று வராது. ஈசலுக்கு இடுப்பென்று ஒன்று கிடையாது, தலையிலிருந்து வால்வரை ஒரே தடிமன். இதற்கு இடுப்பு ஒடிந்துவிழும்போல் ஒடுங்கியிருக்கிறது. உணர்கொம்பைப் பற்றி மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன்: கரையானுக்கு நேராக இருக்கும், எறும்புக்கு முழங்கைபோல் மடங்கியிருக்கும். அம்மா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதுவும் சரிதான் என்று தலையசைத்தார்.

கரையான் மரத்தைத் தின்கிறது. கட்டெறும்பு தின்பதில்லை, குடைகிறது. மரத்தில் அதற்குச் சத்து ஏதும் இல்லை. அது தேடுவது இனிப்பும் மற்றப் பூச்சிகளின் உடலும்தான். குடைந்த தூளைக் கடித்துக் கொண்டுவந்து வெளியே கொட்டிவிடும். நம் வீட்டுக் கதவோரம் விழுந்துகிடந்த குவியலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மரத்தூளோடு பூச்சிக் கால்களும் செத்த எறும்பின் தலைகளும் கலந்திருப்பது தெரியும். நிலத்தடிக் கரையான் இப்படிக் கொட்டாது. அது மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே போய்வரும். எங்கள் வீட்டில் ஓர் இடத்திலும் மண்குழாய் இல்லை. கெட்டியான மரத்தைக் கட்டெறும்பு பொதுவாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஈரம் ஊறி, பூஞ்சை பிடித்து, இளகிப்போன மரம்தான் அதற்கு வசதி. உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கிற பேரினம் அது. நம் காடுகளில் இரவில் திரிகிற, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி வளர்கிற ராட்சத எறும்பும் அதற்கு நெருங்கிய உறவுதான். வீட்டுக்குள் வருவது அவ்வளவு பெரிதில்லை என்பதில் அண்ணியைத் தவிர எல்லாருக்கும் ஆறுதல்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். வந்தது கரையானாக இருந்திருந்தால் நானே அம்மாவோடு சண்டை போட்டிருப்பேன். நம் நாட்டு வீடுகளை உள்ளுக்குள்ளேயே காலி செய்கிற நிலத்தடிக் கரையான் விளையாட்டுப் பொருள் அல்ல. அதற்கு மண்ணில் மருந்து செலுத்துவது காலங்காலமாகச் செய்கிற, பலன் தருகிற வேலை. இந்தத் தொழிலுக்கு 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். வந்த பையனிடம் அது இருந்தது. என் கோபமெல்லாம் படத்தைப் பார்த்தே துளை எண்ணிக்கை போட்ட அலுவலகத்தின் மேல். கட்டெறும்புக்கு எங்கள் வீட்டு மண்ணில் வேலையே இல்லை. சுவர் நெடுகத் துளை போட்டு மருந்தை இறக்கியிருந்தால் அது போயிருக்கும் இடம், சுவரோரம் அம்மா வைத்திருக்கிற முருங்கை, பண்டான், கீரைப்பாத்தி. எறும்பு வழக்கம்போல இரவில் அடுப்பு மேடைக்கு வந்திருக்கும்.

பதினாறு லிட்டர்

அம்மாவின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அண்ணனுக்கும் தெரியும். அதை அவர் நினைக்க விரும்புவதில்லை, அவ்வளவுதான். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிடுகிற கூட்டம். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பெயர் வாசித்து, இன்ன கட்டத்துக்கு இன்னார் என்று பிரித்துவிடுவார். பம்பில் 16 லிட்டர் நிறைத்தால் பம்பின் கனமும் சேர்ந்து 20 கிலோ பக்கம் வரும். அதை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரு கையால் விசையை இழுத்து, மறு கையால் குழாயைப் பிடித்து, ஒவ்வொரு செம்பனையையும் சுற்றி வட்டம் அடிக்கவேண்டும். வட்டத்துக்குள் புல் இருந்தால் உதிர்ந்த பழம் கண்ணுக்குத் தெரியாது. தீர்ந்ததும் மறுபடி நிறைக்கவேண்டும். அவர்கள் அடித்தவற்றில் முக்கியமானது பரக்குவாட் என்ற களைக்கொல்லி. டப்பாவில் எழுதியிருந்தது ஆங்கிலத்திலும் மலாயிலும். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். முகமூடி கொடுத்த நாட்களும் உண்டு. நம் ஊர் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு பம்பு தூக்கினால் மூச்சு அடைக்கும். பெண்கள் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். காற்று திரும்பினால் சாரல் முகத்தில்.

அம்மாவின் விரல் நகங்கள் வெளுத்து, தடித்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து முளைத்ததை நான் பிள்ளையாக இருந்து பார்த்திருக்கிறேன். மூக்கில் இரத்தம் வரும். சூடு என்பார், இளநீர் குடிப்பார், மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுவார். வேலை முடிந்து வந்தால் குளிக்கும்வரை எங்களைத் தொடவிடமாட்டார். வேலைத் துணியை எங்கள் துணியோடு சேர்க்காமல், பின்பக்கக் கால்வாயோரம் தனியாகத் துவைப்பார். அப்படிச் செய்யவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாடையை வைத்துத் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. கால்வாயில் முன்பு ஓடித் திரிந்த மீன்களும் அங்கே குறைந்துபோனதை அவர் கவனித்து வைத்திருக்கிறார். மருந்து அடித்த இடத்தோடு நிற்காது, நடந்துபோகும் என்பது அம்மாவுக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்து வந்த அறிவு.

தோட்டங்களில் மருந்தடிக்கிற பெண்களின் உடல்நிலையைப் பற்றித் தெனாகனித்தா என்ற உரிமை அமைப்பு பிறரோடு சேர்ந்து 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நகமும் மூக்கும் அதில் வருகின்றன. பரக்குவாட்டைத் தடை செய்யப்போவதாக அரசாங்கம் அறிவித்ததும் அதே ஆண்டுதான். 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்து சேர்ந்தது 2020 ஜனவரி 1. வானொலிச் செய்தியில் அதைக் கேட்டபோது அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "அப்படியா" என்று மட்டும் கேட்டுவிட்டு நறுக்கினார். அவர் பம்பை இறக்கி வைத்து அதற்குள் வெகுகாலம் ஆகியிருந்தது. அவரோடு ஒரே வரிசையில் அடித்த சிலர் அந்தச் செய்தியைக் கேட்க இல்லை. அவர்களுடைய சாவுக்கு மருந்துதான் காரணம் என்று நான் எழுதமாட்டேன். அதை நிறுவ என்னிடம் ஒன்றுமில்லை. அம்மாவும் அப்படிச் சொன்னதில்லை. கூலி ஒழுங்காக வந்தது, அதில்தான் உங்களைப் படிக்க வைத்தேன் என்றுதான் சொல்வார். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து நினைக்க என்னால் முடியவில்லை. அம்மாவால் முடிகிறது.

அதனால் அண்ணன், "அம்மாவுக்கு மருந்தென்றாலே பயம்" என்று சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்திலேயே மருந்துக்குப் பயப்படாதவர் அம்மா ஒருவர்தான். தன் கையால் கலக்கி, தன் முதுகில் சுமந்தவர். அவர் கேட்டது கணக்கு. எவ்வளவு, எதன்மேல், பிறகு எங்கே. தோட்டத்தில் அதைக் கேட்க அவருக்கு இடமில்லை. சொந்த வீட்டு வாசலில் கேட்கிறார்.

காதில் டம்ளர்

தூதர் வேலை அன்றோடு கலைந்துவிட்டது. நான் கட்சி மாறிவிட்டேன். அம்மாவின் திட்டம் எளியது. முதலில் அது எங்கே குடியிருக்கிறது என்று பார்ப்போம், பிறகு சண்டை போடலாம். இரவு ஒன்பதுக்கு மேல் எல்லா விளக்குகளையும் அணைத்தோம். சிவப்பு வெளிச்சத்தை எறும்பு பெரிதாகப் பொருட்படுத்தாது என்பதால் கைவிளக்கின் வாயில் பழைய பலகாரப் பெட்டியின் சிவப்புத் தாளைக் கட்டினோம். அடுப்பு மேடையில் இரண்டு மூடிகள் வைத்தோம். ஒன்றில் சர்க்கரைப் பாகு, ஒன்றில் டின் சார்டின். நான் பாகின் பக்கம் நின்றேன். எறும்புகள் சார்டினுக்குப் போயின. கூட்டில் வளர்கிற குஞ்சுகள் இருந்தால் அவற்றுக்குப் புரதம் வேண்டும், அதனால் மீனும் பூச்சியும் முதலில் போகும் என்று பிறகு படித்தேன். அம்மாவுக்குப் படிக்காமலே தெரிந்த காரணம் ஒன்றுதான்: "பிள்ளைக்காரியாக இருக்கும்."

சார்டின் துணுக்கைத் தூக்கிய எறும்பு வீடு திரும்பும். அதைத் தொடர்ந்தால் போதும். சொல்லும்போது எளிது. கட்டெறும்பு பிள்ளையார் எறும்புபோல ஒழுங்காக வரிசை கட்டி நடப்பதில்லை. ஒன்று மேடையின் கீழ்விளிம்பில் போகும், ஒன்று மின்கம்பியோடு ஏறும், ஒன்று பாதி வழியில் மனம் மாறித் திரும்பும். பலகைச் சுவரின் இடுக்குகளில் தொலைத்துத் தொலைத்துப் பிடித்தோம். செங்கால் தூணில் ஏறும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அண்ணன் சொன்னது சரியாகிவிடுமோ என்று. எறும்புகள் அந்தத் தூணைப் பாதையாகத்தான் வைத்திருந்தன. ஏறி, விட்டத்தோடு நடந்து, குளியலறைப் பக்கம் இறங்கி, கதவு நிலையின் மேல்மூலையில் ஒரு வெடிப்புக்குள் நுழைந்தன. அந்த நிலையை வைத்தது அப்பா அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு குளியலறையைப் புதுப்பித்த குத்தகைக்காரர் வைத்த மெரந்தி மரநிலை. வழவழவென்று வண்ணம் பூசி, வீட்டிலேயே பார்க்க நன்றாக இருந்த மரம் அதுதான்.

அம்மா போய் ஒரு சில்வர் டம்ளரை எடுத்து வந்தார். அதன் வாயை நிலையில் அழுத்தி அடியில் காதை வைத்தார். கரண்டிக் காம்பால் மரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு தலையை விலக்கி என்னைக் கூப்பிட்டார். முறத்தில் அரிசி மெல்லச் சரிவதுபோல உள்ளே ஒரு சத்தம். தட்டியதற்குப் பதில் சொல்கிற சத்தம் அது. கூடு அதிர்ந்தால் அவை மரத்தில் உடலைத் தட்டி ஒன்றையொன்று எச்சரிக்கும். அம்மா டம்ளரை நிலையின் நடுவுக்கு நகர்த்தினார், கேட்டார். முட்டி உயரத்துக்கு இறக்கினார், கேட்டார். அடியில் வைத்துக் கேட்டார். பிறகு செங்கால் தூணுக்குப் போய் அதையும் தட்டிக் கேட்டார். அங்கே ஒன்றுமில்லை. "உன் அப்பா மரத்தில் குடியில்லை" என்றார். குரலில் எறும்பைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியைவிட வேறு ஏதோ இருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சீன அங்கிளைக் கூப்பிட்டோம். தச்சு வேலை செய்து ஓய்ந்தவர். அம்மாவும் அவரும் பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில் பேசிக்கொள்வார்கள். எனக்குப் பாதி புரியாது. அவர் திருப்புளியால் நிலையின் அடியில் அழுத்தினார். வண்ணத்தோல் கிழிந்து பிடிவரை உள்ளே போய்விட்டது. அடிக்கட்டை நேராகச் சிமெண்டில் புதைந்திருந்தது. இத்தனை ஆண்டும் குளிக்கிற தண்ணீர் தேங்கித் தேங்கி மரம் பஞ்சாகிவிட்டிருந்தது. மெரந்தி மோசமான மரம் இல்லை. உலர்ந்த இடத்தில் வைத்தால் நெடுங்காலம் இருக்கும். அதைக் கொண்டுபோய்த் தண்ணீரில் நட்டு, மேலே மூச்சு விடாதபடி வண்ணம் அடித்தால் யார் வீடாக இருந்தாலும் இப்படித்தான். அங்கிள் அதே திருப்புளியை அப்பாவின் தூணில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு புள்ளி விழுந்தது. சிரித்துக்கொண்டே மலாயில் ஏதோ சொன்னார். அம்மா அதை என்னிடம் மொழிபெயர்க்கவில்லை, அண்ணனைக் கூப்பிட்டு நேராகச் சொன்னார்.

நிலையைப் பெயர்த்தபோது உள்ளே இருந்த வேலைப்பாட்டைப் பார்த்து அங்கிளே கொஞ்ச நேரம் கைகட்டி நின்றுவிட்டார். மரத்தின் ஓட்டத்தோடு ஓடுகிற அறைகள், சுவர்கள் உப்புத்தாள் தேய்த்த வழவழப்பு, ஒரு துளி மண் இல்லை. எறும்புகள் வெள்ளை நிற உறைகளைக் கவ்விக்கொண்டு சிதறின. முட்டை என்று நாம் சொல்வது அது, ஆனால் முட்டை அல்ல. முதிர்ந்த புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற பட்டுறை. தேடிப் பார்த்தோம், உண்மையான முட்டையும் இல்லை, ராணியும் இல்லை. இது கிளைக்கூடு. கட்டெறும்பு இப்படித்தான் பரவும். முட்டையும் சின்னக் குஞ்சும் ஈரம் குறையாத தாய்க்கூட்டில் ராணியோடு இருக்கும்; வளர்ந்தவற்றையும் உறைகளையும் வேறு இடங்களுக்கு மாற்றிவைக்கும். கிளையை அழித்தால் தாய்க்கூட்டிலிருந்து இன்னொரு கிளை வரும். ஆண்டுக்கணக்கில் ஸ்பிரே டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாமல் இருப்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. வெளியே நடமாடுவது கூட்டத்தில் ஒரு சிறு பகுதி. அதை அடித்துக் கொன்றால் உள்ளே இருப்பவற்றுக்குச் செய்திகூடப் போகாது. சில நேரம் மருந்து வாடை பிடிக்காமல் கூட்டம் இன்னொரு சுவருக்கு நகர்ந்துவிடும்.

தாய்க்கூடு மாமரத்தில் இருந்தது. அடுத்த இரவு வெளியே நின்று பார்த்தபோது கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த கிளை வழியாகவும், அந்த மரத்தில் கட்டிய துணிக்கொடி வழியாகவும் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. மரத்தின் மேல்பக்கம் பட்டுப்போன கிளை ஒன்று. முடிச்சு விழுந்த இடத்தில் பொந்து. இலைகளின் அடியில் மாவுப்பூச்சி. அது கழிக்கிற இனிப்பு நீரைக் கட்டெறும்பு உறிஞ்சும், பதிலுக்கு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும். இலைகள் கரிபடிந்து கிடந்ததற்கும் அந்த நீரில் வளர்கிற பூஞ்சைதான் காரணம். பட்ட கிளையை வெட்டிவிடலாம் என்றேன். அம்மா மறுத்துவிட்டார். பக்கத்துக் கிளையில் காய் பிடித்திருந்தது, ஏணி வைத்தால் உதிரும், அறுவடை முடியட்டும். எறும்பு வீட்டைத் தின்கிறது என்று வாதாடிப் பார்த்தேன். "அதுதான் மரத்தைத் தின்னாது என்று நீயே சொன்னாயே" என்றார்.

அதுவரை ஒரு வழி போரிக் அமிலம். இதை அம்மாவிடம் எடுத்தபோது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. அதுவும் விஷம்தான், மஞ்சள் மீ நூடுல்ஸில் கலக்கக்கூடாது என்று நம் உணவுச் சட்டம் தடுத்திருக்கிற பொருள். அம்மா கேட்டது அதே கேள்விதான், இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. சர்க்கரைத் தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது ஒரு லிட்டருக்கு 10 கிராம். அதற்கு மேல் போட்டால் குடித்த எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குப் போய்ச் சேராது. குறைவாகப் போட்டால் அது வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய் வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டும், அவை குஞ்சுக்கு ஊட்டும், கடைசியில் ராணிக்குப் போகும். மண்ணில் ஊற்றவேண்டியதில்லை, காற்றில் அடிக்கவேண்டியதில்லை. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியானால் கொண்டுபோகிறவர்களே கொண்டுபோகிறார்கள்" என்றார். பிறகு நிபந்தனைகளை அடுக்கினார். பஞ்சில் நனைத்து மூடியுள்ள போத்தலில் வைக்கவேண்டும், எறும்பு நுழைகிற அளவுக்கு மட்டும் துளை. பூனைக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் எட்டாத இடம். போத்தலில் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். கலக்குவது அவர்தான். கையுறை வாங்கி வந்தேன், போட்டுக்கொண்டார். தராசில் கிராம் கணக்காக நிறுத்து, குச்சியால் கலக்கி, குச்சியையும் கையுறையையும் தனிப் பையில் கட்டிப் போட்டார். அவ்வளவு நிதானமாக அம்மா மருந்து கலக்கி நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் ஒரு பம்புக்கும் அடுத்த பம்புக்கும் இடையே இதற்கெல்லாம் நேரம் ஏது?

பலன் உடனே வரவில்லை. முதலில் எறும்பு அதிகமானது, அண்ணன் கூப்பிட்டுக் கேலி செய்தார். வாரக்கணக்கில் ஆன பிறகு நடமாட்டம் மெலிந்தது. இதற்கிடையே கூரையைத் தொட்ட கிளையை மட்டும் கழித்து, துணிக்கொடியை இரும்புக் கம்பத்துக்கு மாற்றினோம். குளியலறைக்கு அலுமினிய நிலையும் பிளாஸ்டிக் கதவும் வந்தன. எனக்கு மரநிலைதான் பிடிக்கும். அம்மா கேட்கவில்லை, தண்ணீர் படுகிற இடத்தில் மரத்துக்கு என்ன வேலை என்றார். மாங்காய் இறக்கிய பிறகு பட்ட கிளையை அறுத்தபோது பொந்துக்குள் பெரும்பகுதி காலி அறைகள். சில எறும்புகள் இருந்தன. எறும்பே இல்லாத வீடாக்குவது எங்கள் ஊரில் நடக்கிற காரியமும் இல்லை.

அண்ணன் முன்பணத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுவிட்டார். அடுப்படியை இடிக்கவேண்டும் என்பதை விட்டுவிடவில்லை. மரம் போய் இப்போது பழைய மின்கம்பி காரணமாகியிருக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம். மின் ஆளை வரச் சொல்லியிருக்கிறோம். சுவரைத் திறக்காமல் என்ன பார்ப்பான் என்று அம்மா இப்போதே கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

கிள்ளானில் என் அடுக்குமாடியில் மாதம் ஒருமுறை நடைபாதைகளுக்கும் குப்பை அறைக்கும் மருந்தடிக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்தி. குடிவந்ததிலிருந்து அந்த நாளில் சன்னலைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். போன மாதம் நிர்வாக அலுவலகத்துக்கு எழுதி, என்ன மருந்து, எவ்வளவு, எந்தப் பூச்சிக்கு என்று கேட்டேன். அது அங்கீகரிக்கப்பட்டது, கவலை வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. நான் கேட்டது அதுவல்ல என்று மறுபடி எழுதியிருக்கிறேன். அடுத்த சுற்று வருகிற செவ்வாய்க்கிழமை. காலையில் விடுப்புப் போட்டிருக்கிறேன், அடிக்க வருகிறவரிடமே டப்பாவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று. முகமூடி போட்டிருக்கிறாரா என்றும் பார்க்கவேண்டும்.